ஓமின் வகுத்தற் கணக்கும் புல்மோட்டை மணலும்

மின்னியலிலே இரண்டு சிறு கணக்குகள் உண்டு. வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வலு கிடைக்கும். 230 வோல்ற்று மின்சாரத்திலே 5 அம்பியர் ஓட்டத்தைப் பெறும் ஒரு மின் கேத்தலை எடுத்துக்கொள்வோம். வகுத்துப் பார்த்தால் அதன் தடை 46 ஓம். பெருக்கிப் பார்த்தால் அதன் வலு 1,150 வாற்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க கணக்கு. ஆயினும் இதனை உலகம் உள்ளபடி உணர்வதற்கு ஓர் ஆசிரியரின் நல்வாழ்வும், ஒரு நெடுங்கடற் கம்பியும் விலையாயின. அவ்வரலாற்றையும், அக்கணக்கு எங்கள் புல்மோட்டைக் கரை மணலோடு வந்து பொருந்தும் விதத்தையும் இன்று கூற விழைகின்றேன்.

ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிலே, பூட்டுச் செய்யும் ஒருவரின் மகனாக 1789ஆம் ஆண்டிற் பிறந்தவர் கியோர்க் சைமன் ஓம். கொலோன் நகரிலே பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே அவர் தம் ஆராய்ச்சியைச் செய்தார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் ஓட்டம் எவ்வாறு குறைகின்றது என்று அறிவதே அவர் நோக்கம். ஆனால் அக்காலத்து மின்கலங்கள், அளந்துகொண்டிருக்கும்போதே வலிமை குன்றிவிடும். ஊற்றே நிலையில்லாதபோது அளவைக்கு என்ன மதிப்பு? ஆகவே அவர் மின்கலத்தை விடுத்தார். செம்பும் பிசுமத்தும் இணையும் இரண்டு சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னூற்று ஒன்றைப் பெற்றார். கற்பித்தல் தொழிலிலே நரைத்த எனக்கு, அவர் கண்ட விதியைக் காட்டிலும் இந்தப் பொறுமையே பெரிதாகத் தோன்றுகின்றது.

1827இல் வெளிவந்த அவருடைய நூலைத் தம் நாட்டார் பெரிதும் போற்றினாரல்லர். மனமுடைந்த ஓம் கொலோன் பதவியைத் துறந்து, சில ஆண்டுகள் நிலையான பதவியின்றி வாழ்ந்தார். 1841இல் இலண்டன் அரச கழகம் கொப்ளி பதக்கத்தை அளித்தது. மியூனிச் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852இல் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

வகுத்தற் கணக்கு ஓமினுடையது என்றால், பெருக்கற் கணக்கின் வேர் இங்கிலாந்தில், மதுவடிக்கும் குடும்பத்திற் பிறந்த ஜேம்ஸ் ஜூலிடம் உள்ளது. கம்பியிலே தோன்றும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கிய தொகைக்கு ஒப்ப அமையும் என்பதை 1841இல் அவர் வெளியிட்டார்.

இவ்விரண்டையும் புறக்கணித்ததன் பயன் 1858இல் தெரிந்தது. கொழும்புக்கும் காலிக்கும் இடையே நம் நாட்டின் முதலாவது தந்திக் கம்பி அமைந்ததும் அவ்வாண்டிலேதான். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைத்து அத்திலாந்திக்கின் அடியிலே கம்பி இடப்பட்டது. விக்டோரியா மகாராணியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்து மறுகரை சேர ஏறக்குறைய 16 மணித்தியாலம் சென்றது. மின்னியற் பொறுப்பிலிருந்த வைல்ட்மன் வைற்ஹவுஸ் என்பவர் மருத்துவம் பயின்றவர். அழுத்தத்தைக் கூட்டினால் செய்தி விரையும் என்று எண்ணி, சுமார் 2,000 வோல்ற்றைச் செலுத்தினார். கம்பியைச் சுற்றியிருந்த காப்போ மலாய் நாட்டு மரப்பால். அதிலே முன்னமே நலிந்த இடங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் நலிந்த இடத்திலே அழுத்தம் இருமடங்கானால் கசியும் ஓட்டமும் இருமடங்காகும்; இரண்டையும் பெருக்கினால் வெப்பம் நான்கு மடங்கு. பெருஞ்செலவில் இட்ட கம்பி ஏறக்குறைய ஒரு மாதத்திற் பயனற்றுப் போயிற்று.

வில்லியம் தொம்சன் என்ற பேராசிரியர் கூறியது வேறு. தடித்த செம்பு வேண்டும், சிறிய அழுத்தம் போதும், அதனை உணர நுண்ணிய கருவி வேண்டும் என்றார். செம்பின் ஒவ்வொரு தொகுதியையும் தடை பார்த்தே ஏற்கவேண்டும் என்பதும் அவர் கொள்கை. 1866இல் நிலைத்து நின்ற கம்பி அவர் வழியை மெய்ப்பித்தது. கடலடியிற் கம்பி பழுதானாலும் தடையே வழிகாட்டிற்று. மைலுக்கு 5 ஓம் தடையுள்ள கம்பியிலே கரையிலிருந்து 500 ஓம் காட்டினால், பழுது நூறு மைலுக்குள் இருக்கின்றது. பழுதான இடத்துக்கும் ஒரு தடை உண்டாகையால், இரு கரையிலிருந்தும் அளந்து திருத்திக்கொள்வர். 1881இற் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ற்று, அம்பியர் என்னும் அலகுகளை ஏற்றது; அடுத்த ஆண்டிலே வாற்று என்ற பெயரை வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை நோக்கிச் செல்லும் கரையிலே மணல் கறுத்துக் கிடக்கும். 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் தொழிலுக்கு அம்மணலே மூலமாயிருந்தது. அதிற் பெரும்பங்கு இல்மனைற்று. அதனைக் காந்தம் இழுத்துவிடும். எஞ்சும் றூட்டைலையும் சிர்க்கனையும் காந்தத்தாற் பிரிக்க இயலாது. அங்கே மின்தடையே நடுவராகின்றது. உருளும் உலோக உருளையின்மேல் மணலைப் பரப்பி, உயர் அழுத்தத்தால் மின்னேற்றுவர். தடை குறைந்த றூட்டைல் தன் ஏற்றத்தை உருளைக்கு உடனே இழந்து எறியப்படும். தடை மிகுந்த சிர்க்கன் ஏற்றத்தை விடாமல் உருளையோடு ஒட்டிச் சென்று, அப்பாற் போய் விழும். இலங்கைச் சிர்க்கனை ஆராய்ந்தே கிளாப்ரோத் என்ற ஜேர்மானியர் சிர்க்கோனியத்தைக் கண்டறிந்தார். அது ஓம் பிறந்த அதே 1789ஆம் ஆண்டு.

இத்தகைய கருவியிலே பல்லாயிரம் வோல்ற்று என்று கேட்ட மாணவர், ஊருக்கே போதிய மின்சாரம் அதிற் செலவாகும் என எண்ணுவதுண்டு. வோல்ற்றை மாத்திரம் நோக்கிய வைற்ஹவுசின் எண்ணமும் இதற்குத் தொலைவானதன்று. அழுத்தம் 25,000 வோல்ற்று, ஓட்டம் அம்பியரின் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். விடை 50 வாற்று. தொடக்கத்திற் கூறிய கேத்தலின் வலுவில் இருபத்துமூன்றில் ஒரு பங்கு. அதற்காக அவ்வுருளையை எவரும் தொட்டுப் பார்க்க எண்ணற்க.