பைத்தன் மொழியின் மூலநிரற் களஞ்சியம்: ஓர் இடத்தேர்வின் வரலாறு

பலர் கூடிச் செய்யும் பணிக்கு இடம் இன்றியமையாதது. மூலநிரலை எவரும் கற்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் திறந்தமூல முயற்சிகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஒருவரையொருவர் நேரிற் காணாதோர் எழுதுவனவற்றைத் தொகுத்து, யார் எதனை எப்போது மாற்றினார் எனப் பதிந்து காக்கும் களஞ்சியத்தை எங்கு அமைப்பது? பைத்தன் என்னும் கணினிமொழியின் வரலாறு இவ்வினாவின் ஆழத்தை நன்கு காட்டுகின்றது.

குயிடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழியின் மூலநிரல், 2000ஆம் ஆண்டில் சோர்ஸ்போர்ஜ் என்னும் பொதுத்தளத்தை அடைந்தது. அமெரிக்க நிறுவனமொன்று 1999இல் தொடங்கிய அத்தளம் இடத்தை இலவசமாக வழங்கியது. நாளடைவிற் பயனாளர் பெருகவே அதன் கணினிகள் சுமை தாங்காது தளர்ந்தன. பொதுமக்கள் பெறும் பிரதி மூலப்பிரதிக்குப் பின்தங்கலாயிற்று. எனவே 2005இற் பைத்தன் குழுவினர் களஞ்சியத்தைத் தமது சொந்தத் தளத்துக்கு மாற்றினர்.

சொந்த மனையில் உரிமை உண்டு, உழைப்பும் உண்டு. கருவிகளைப் பேணும் பொறுப்புத் தொண்டர்களையே சார்ந்தது. வெளியார் அனுப்பிய திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கையாற் சேர்க்க வேண்டியிருந்தமையாற் பல திருத்தங்கள் நெடுங்காலம் காத்துக் கிடந்தன. இந்நிலையிற் கிற்ஹப், கிற்லாப் என்னும் இரு தளங்கள் ஆராயப்பட்டன. பின்னையதன் அடிப்படைப் பதிப்புத் திறந்தமூலமாயிருந்தமை அதற்குரிய சிறப்பு. எனினும் 2016ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, இடமாற்றத்துக்குப் பொறுப்பாயிருந்த பிறெற் கனன் கிற்ஹப்பைத் தேர்ந்தார். இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடின்மை, பங்களிப்போர் கிற்ஹப்பை முன்னரே பழகியிருந்தமை, மொழியை ஆக்கியோனின் விருப்பம் என்பனவே அவர் காட்டிய காரணங்கள். 2017 பெப்ரவரியில் இடமாற்றம் நிறைவேறியது.

அடுத்த ஆண்டிலேயே கிற்ஹப்பை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 750 கோடி டொலருக்கு வாங்கியது. வீட்டுக்காரர் மாறினார், குடியிருந்தோரை எவரும் கேட்கவில்லை. அதே 2018இற் கினோம் என்னும் மற்றொரு திறந்தமூலக் குழு, கிற்லாப்பைத் தன் சொந்தக் கணினிகளில் நிறுவிக் குடியேறியது. கூகிள் நிறுவனம் தனது இலவசக் களஞ்சியத் தளத்தை 2016இல் மூடிவிட்டமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆயின் பைத்தன் குழுவினர் செய்தது தவறோ எனின், அன்று. கிற் முறையில் முழுப்பிரதி பெற்ற ஒவ்வொருவரிடமும் மூலநிரலின் வரலாறு முற்றாக இருக்கும். தளம் மறையினும் அது மறையாது. ஆனால் ஒரு மாற்றம் ஏன் ஏற்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்னும் வாதப் பிரதிவாதங்கள் அப்பிரதியில் அடங்கா. அவை தளத்திலேயே தங்கும். பைத்தனின் வழுப் பதிவேடு 2022 வரை சொந்தத் தளத்திலிருந்து, பின்னரே கிற்ஹப்பை அடைந்தது. ஆகவே, எங்கே பலர் வருவர் என ஆராய்வோர், வெளியேறும்போது எதனைக் கொண்டு செல்லலாம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். நிரல் யாது செய்தது என்பதைப் பிரதி சொல்லும். ஏன் செய்தது என்பதைச் சொல்லும் ஏட்டைக் காப்பதே கடினம்.