கறுப்புக்குள் மறைந்துபோன சிலோன் கோப்பி



இம்மாத உரையை ஒரு கோப்பிப் பைக்கற்றோடு தொடங்குகிறேன். வெம்பிளியில் நாங்கள் சாமான் வாங்கும் கடைகளில் கோப்பித்தூள் அடுக்கியிருக்கும் தட்டைப் பாருங்கள். பல பைக்கற்றுகளின் முன்பக்கத்தில் 1 முதல் 5 வரை ஏதாவது ஓர் இலக்கம் அச்சிட்டிருக்கும். எங்கள் ஆட்களில் அநேகர் 4 அல்லது 5 உள்ளதைத்தான் எடுப்பார்கள். "அதுதான் நல்ல ஸ்ரோங், நித்திரை வராது" என்பது காரணம்.

உண்மையில் அந்த இலக்கத்துக்கும் நித்திரைக்கும் பெரிய தொடர்பில்லை. கொட்டையை எவ்வளவு கறுக்க வறுத்திருக்கிறார்கள், அதனால் கைப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்லுகிறது. நித்திரையைக் கலைக்கும் கஃபீன் வறுப்பதால் அதிகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது கோப்பியின் இனத்தைப் பொறுத்தது. அரபிக்காவை விட றொபஸ்ரா இனத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன் உண்டு.

இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கோப்பிக்கு இரண்டு சுவைகள் உண்டு. ஒன்று விளைந்த மண் கொடுத்தது. மற்றது வறுத்த நெருப்புக் கொடுத்தது. நெருப்பு ஏற ஏற மண்ணின் சுவை மறைந்துபோகும். இலங்கை மலைகளில் எங்கள் சனங்கள் விளைவித்த கோப்பிக்கும் இலண்டனில் அதுதான் நடந்தது.

வறுக்கும்போது என்ன நடக்கிறது?

பச்சைக் கோப்பிக் கொட்டையை வாயில் போட்டால் பச்சைப் பயறு போல இருக்கும். கோப்பி வாசம் துளியும் வராது. அடுப்பில் ஏற்றினால் முதலில் ஈரம் போகும். 150 பாகை செல்சியஸ் அளவில் கொட்டை மஞ்சளாகிப் பாண் சுடும் வாசம் வரும். பிறகு மண்ணிறமாகும். 200 பாகையை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் வெடிக்கும் சத்தம் கேட்கும். இதுதான் முதல் வெடிப்பு.

முதல் வெடிப்பு முடிந்ததும் இறக்கினால் அது இளம் வறுவல். அரபிக்காவில் இயற்கையாக இருக்கும் பழப்புளிப்பும் பூவாசமும் அதில் மிஞ்சியிருக்கும். மலையின் உயரம், மழை, பழத்தைப் பறித்த பக்குவம், கழுவிய கவனம் எல்லாவற்றையும் அந்தக் கோப்பையில் கண்டுபிடிக்கலாம். கெட்ட கொட்டை இருந்தால் அதையும் கண்டுபிடிக்கலாம்.

இன்னும் சிறிது நேரம் விட்டால் நடுத்தர வறுவல். புளிப்பு அடங்கும். சீனி கருகி வரும் இனிய வாசமும், வறுத்த கச்சான் போன்ற சுவையும் சேரும். புளிப்பு, இனிப்பு, கைப்பு மூன்றும் சமமாக நிற்பது இங்கேதான்.

225 பாகை அளவில் இரண்டாவது வெடிப்பு. அதைத் தாண்டினால் கடும் வறுவல். கொட்டை கறுத்து, உள்ளிருந்த எண்ணெய் மேலே கசிந்து மினுங்கும். கொட்டையிலிருந்த சீனி அநேகமாக முழுவதும் போய்விடும். புளிப்பைத் தந்த அமிலங்கள் சிதைந்து கைப்புப் பொருட்களாக மாறிவிடும். புகை வாசமும் கடும் சொக்கிலேற் போன்ற கைப்பும் முன்னுக்கு வரும். நல்ல கொட்டையும் சாதாரணக் கொட்டையும் கிட்டத்தட்ட ஒரே ருசியாகிவிடும். நிறையிலும் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும்.

கடும் வறுவல் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலும் சீனியும் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு அதுதான் எடுபடும். ஆனால் அது எதையும் மறைக்கக் கூடியது. இதை மனதில் வைத்துக்கொண்டு இலங்கைக்கு வாருங்கள்.

கோப்பிக்காக வந்த சனங்கள்

மலையகத் தமிழர் தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருக்கிறோம். அது சரியல்ல. அவர்கள் முதலில் கோப்பிக்காகவே வந்தார்கள். ஆங்கிலேயர் 1820களில் கம்பளை, பேராதனைப் பகுதிகளில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். தேசாதிபதியாக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் தானே கன்னொறுவையில் தோட்டம் போட்டார். 1835 இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குச் சமமாக்கியது. அதே காலத்தில் அந்தத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து, அங்கே விளைச்சல் விழுந்தது. அதன் பிறகு கண்டி மலைகளில் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, எங்கும் கோப்பி நடப்பட்டது.

காடு வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் பழம் பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இராமேசுவரப் பக்கமிருந்து தோணியேறி மன்னாருக்கு வந்தார்கள். அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே நூறு மைல்களுக்கு மேல் கால்நடையாக நடந்தார்கள். கொலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். 2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்தப் பாதை முதலில் கோப்பிப் பாதை.

கோப்பி வேலைக்கு ஒரு பருவம் இருந்தது. பழம் சிவக்கும் மாதங்களில்தான் ஆள் நிறையத் தேவை. ஆகவே பலர் அறுவடைக்கு வந்து, கூலி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை வந்த பிறகுதான் குடும்பங்களாக லயன்களில் தங்கினார்கள்.

தோட்டக் கோப்பியின் சுவை இந்த மனிதரின் கையில்தான் இருந்தது. பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். அன்றே தோலை உரித்து, தொட்டியில் ஊறவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, காயவைக்க வேண்டும். பிறகு கொழும்புப் பண்டசாலைகளில் உமி நீக்கி, பெண்கள் நிலத்தில் இருந்து கெட்டதைப் பொறுக்கி எறிவார்கள். கிராமத்துத் தோட்டங்களில் விளைந்த கோப்பி அப்படியல்ல, பழத்தோடு வெயிலில் காய்ந்தது. சந்தையில் இரண்டுக்கும் வேறு பெயர், வேறு விலை. தோட்டக் கோப்பிக்கே கூடிய விலை.

1870 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியானது. பிரேசில், ஜாவா ஆகியவற்றோடு உலகின் முதல் மூன்று கோப்பி நாடுகளில் ஒன்றாக அந்தச் சிறிய தீவு நின்றது. 1867 இல் கண்டிக்கு இரயில் போனதும் முக்கியமாக இந்தக் கோப்பி மூட்டைகளை இறக்கத்தான்.

இலண்டனில் போன பெயர்

வெம்பிளி பார்க்கில் மெற்றோபொலிற்றன் இரயிலேறி, அது முடியும் ஆல்கேற்றில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் மின்சிங் லேன் என்ற ஒடுங்கிய தெரு வரும். இன்று அலுவலகக் கட்டடங்கள்தான் நிற்கின்றன. 19 ஆம் நூற்றாண்டில் உலகத்தின் தேயிலை, கோப்பி, வாசனைத் திரவியங்கள் விலைபேசப்பட்டது அங்கேதான். எங்கள் மலைக் கோப்பியும் அங்கேதான் ஏலம் போனது.

கப்பலில் வந்தது பச்சைக் கொட்டை. பச்சையாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. வறுத்தால் சில வாரங்களில் வாசம் போய்விடும். ஆகவே வறுவல் குடிக்கிறவன் ஊரில்தான் நடக்க வேண்டியிருந்தது. அதனால் விளைவித்தவர்களுக்குத் தங்கள் கோப்பியின் முடிவான சுவையில் எந்தச் சொல்லும் இருக்கவில்லை. வறுத்து விற்பதில் வந்த இலாபமும் இங்கேயே நின்றுவிட்டது.

வறுத்து அரைத்த பிறகு யார் எதைக் கலந்தாலும் கண்ணால் தெரியாது. 1840 இல் கோப்பியோடு சிக்கரி கலக்க அரசே அனுமதி கொடுத்திருந்தது. சிக்கரி என்பது வறுத்த ஒரு கிழங்கு வேர். அதில் கஃபீனும் இல்லை, கோப்பியின் வாசமும் இல்லை. ஆனால் அதிலுள்ள இனிப்புக் கருகும்போது கறுப்பு நிறமும் கைப்பும் வரும். இளம் வறுவலில் அதைக் கலந்தால் நாக்குப் பிடித்துவிடும். கறுத்த தூளோடு கலந்தால் பிடிப்பது கடினம்.

1851 இல் ஆர்தர் ஹில் ஹசால் என்ற வைத்தியர் இலண்டன் கடைகளில் வாங்கிய கோப்பித் தூள்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். 34 மாதிரிகளில் 31 இல் சிக்கரி இருந்தது. வறுத்த கோதுமை கலந்தவையும் இருந்தன. 'லான்செற்' மருத்துவ இதழில் இது வெளிவந்து பெரும் பரபரப்பானது. உணவுக் கலப்படத்துக்கு எதிராக 1860 இலும் 1875 இலும் வந்த சட்டங்களுக்குப் பின்னால் அவருடைய வேலையும் இருந்தது. இலங்கைத் தோட்டக்காரரும் சிக்கரி தங்கள் விலையைக் கெடுக்கிறது என்று முறையிட்டார்கள். கொட்டை பொறுக்கிய பெண்ணின் கவனம் முழுவதும் கிழங்கு வேரோடு அரைபட்டுக் கறுத்துப்போனதை யாரிடம் முறையிடுவது?

1869

அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. சுயெஸ் கால்வாய் திறந்து இலண்டனுக்கான கடல்வழி சுருங்கியது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் அச்சாகி வந்தது. மலையக இலக்கியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். கோப்பி நடுகையைக் கும்மியாகப் பாடும் அளவுக்கு அந்தப் பயிர் தமிழில் வேரோடியிருந்தது.

மூன்றாவது, கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் தென்பட்டது. பேராதனைத் தாவரப் பூங்காவிலிருந்து துவைற்ஸ் என்பவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சண ஆய்வாளர் பேர்க்லி அதை ஆராய்ந்து 'ஹெமிலியா வாஸ்ராற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கை வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். காற்றில் பறக்கும் நுண்விதைகளால் நோய் பரவுகிறது, மலை மலையாக ஒரே பயிரை நட்டதே அதற்கு வழிவிட்டது என்று காட்டினார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. தோட்டங்கள் கைமாறின. 1884 இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. கூலி நிலுவையோடு ஊர் திரும்பியவர்கள் பலர். 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

உலகக் கோப்பியின் சுவையையும் அந்த நோய் மாற்றியது. அது தொடர்ந்து பரவிய ஜாவாவில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோய் தாங்கும் றொபஸ்ராவை நட்டார்கள். றொபஸ்ராவில் கைப்பும் முரட்டுச் சுவையும் கூட. அதை மறைக்கக் கடும் வறுவல் கைகொடுத்தது.

வெம்பிளிக்குச் சிலோன் வந்தபோது

1924 இலும் 1925 இலும் இதே வெம்பிளியில், இன்று விளையாட்டரங்கம் நிற்கும் இடத்தைச் சுற்றி, பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி நடந்தது. கண்டிக் கட்டடக்கலைப் பாணியில் சிலோன் மண்டபமும் எழுந்தது. அப்போது உலகத்துக்குச் சிலோன் என்றால் தேயிலை. அரை நூற்றாண்டுக்கு முன் இதே நகரத்தில் சிலோன் என்றால் கோப்பி என்றிருந்தது மறந்தே போயிற்று. கோப்பி மறந்தபோது, அதற்காக நடந்து செத்தவர்களும் மறந்துபோனார்கள்.

எங்கள் வீட்டு வறுவல்

ஊரில் அம்மாமார் தாச்சியில் கோப்பிக் கொட்டையை நன்றாகக் கறுக்க வறுத்து, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு சேர்த்து உரலில் இடிப்பார்கள். அரிதட்டில் அரித்த தூளைப் போத்தலில் அடைத்து வைப்பார்கள். அந்த வாசம் இரண்டு ஒழுங்கை தாண்டும். மூக்குப்பேணியில் வெறுங்கோப்பியும் கடிக்கப் பனங்கட்டியும் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? அது எதையும் மறைக்க வறுத்த கறுப்பல்ல. மல்லியின் காரத்துக்கு ஈடுகொடுக்கத் தெரிந்தே கறுக்க வைத்த வறுவல். கலந்தது என்னவென்று குடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இன்று கண்டி, நுவரெலியா மலைகளில் சிறிய அளவில் அரபிக்கா மீண்டும் விளைகிறது. தென்னிந்திய மலைகளில் அது நிற்கவேயில்லை. ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை கடையில் 5 ஐ எடுக்க முன், விளைந்த இடத்தின் பெயர் போட்ட, இளமாகவோ நடுத்தரமாகவோ வறுத்த அரபிக்காப் பைக்கற் ஒன்றை ஒருதரம் வாங்கிப் பாருங்கள். முதல் கோப்பையைப் பாலில்லாமல், சீனியில்லாமல், சிறிது ஆறவிட்டுக் குடியுங்கள். நாக்கில் மெல்லிய பழப்புளிப்புத் தட்டும். அது பழுதில்லை, மண்ணின் சுவை. மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் விளைவித்துக் கொடுத்ததும், இலண்டன் தன் கறுப்புத் தூளில் மறைத்துவிட்டதும் அப்படியொரு சுவையைத்தான்.

குடித்து முடித்ததும், தேயிலைக்கு முன் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.