விற்பனை முனையக் கணினியின் நினைவக அமைப்பு

விற்பனை முனையக் கணினி என்பது, கடையில் பணம் பெறும் மேசையிலேயே பொருளின் விலையை அறிந்து கூட்டி, பற்றுச்சீட்டை அச்சிட்டு, விற்பனையைப் பதிந்து வைக்கும் கணினியாகும். ஜேம்ஸ் ரிட்டி 1879இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உருவாக்கிய காசுப்பதிவுப் பொறியின் வழிவந்த இயந்திரங்களில், பற்சக்கரங்கள் திரும்பி நின்ற நிலையே மொத்தத் தொகையைக் காட்டியது. இன்று அப்பணியை மின்னணு நினைவகம் செய்கிறது.

நினைவகப் பகுதிகள்

இந்நினைவகத்தை, மின்சாரம் நின்றால் எது அழியலாம், எது அழியக்கூடாது என்பதன்படி மூன்றாகப் பகுத்து நோக்கலாம். கணினியைத் தொடக்கும் நிரல் அழியா நினைவகத்திலும், இயங்கும் நிரலும் நடந்துகொண்டிருக்கும் விற்பனையும் செயல் நினைவகத்திலும், விலைப்பட்டியலும் முடிந்த விற்பனைகளும் நிலைச் சேமிப்பிலும் இடம்பெறுகின்றன. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் வழியில் அமைந்த முனையங்களில், செயலி 10,48,576 பைட்டுகளை முகவரியிட்டது; அவற்றுள் முதல் 640 கிலோபைட்டு நிரல்களுக்கும், எஞ்சிய 384 கிலோபைட்டு திரைக்கும் துணைக்கருவிகளுக்கும் தொடக்க நிரலுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன.

விற்பனை முடிந்ததாக அறிவிக்கப்படும் முன்னரே அதன் வரிகள் நிலைச் சேமிப்பில் எழுதப்படவேண்டும். இல்லையேல், வாடிக்கையாளர் பணம் செலுத்திய மறுகணம் மின்சாரம் நின்றால் அந்த விற்பனைக்குச் சான்றே இராது. இந்த நோக்கத்தைச் சட்டமாக்கிய இத்தாலி, 1983ஆம் ஆண்டு முதல், நாளாந்த மொத்தங்களைத் திருத்தமுடியாதவாறு காக்கும் முத்திரையிட்ட நினைவகத்தைப் பதிவுப் பொறிகளில் வேண்டியது.

பொருட்பதிவு

ஒவ்வொரு பொருளுக்கும் பட்டைக்குறி எண், பெயர், விலை, வரிப் பிரிவு, இருப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு பதிவு உண்டு. இலங்கையில் வழங்கப்படும் பட்டைக்குறிகள் 479 என்று தொடங்கும் 13 இலக்க எண்கள். ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட்டு என எழுதினால் 13 பைட்டும், பைட்டுக்கு இரண்டு இலக்கமாகச் செறித்தால் 7 பைட்டும் தேவைப்படும். பத்துச் சதம் போன்ற பின்னங்களை இரும எண்முறை துல்லியமாகக் குறிக்க இயலாமையால், விலையைச் சதங்களின் முழு எண்ணாகவே வைப்பது முறை. குறியுடைய 32 பிட்டு எண்ணில் 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 சதம் வரை அடங்கும்.

தமிழ் எழுத்தும் நினைவகமும்

பொருளின் பெயருக்கு ஒதுக்கும் இடம் ஆங்கில எழுத்தின் அளவில் திட்டமிடப்படும்போது தமிழ் சிதைகிறது. வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடலின் பெயரை எடுத்துக்கொண்டால், அது கண்ணுக்கு 7 எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 12 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட்டு வீதம் 36 பைட்டு. 20 பைட்டுப் புலத்தில் இப்பெயரை எழுதினால் "புளியங" என்ற துண்டும் பாதி வெட்டுண்ட புள்ளியும் மட்டுமே மிஞ்சும்.

அச்சிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. 80 மில்லிமீற்றர்த் தாளில், மில்லிமீற்றருக்கு 8 புள்ளி வீதம் அச்சிடும் கருவிக்கு, 48 ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு வரியை 48 பைட்டில் அனுப்பலாம். தமிழ் எழுத்துரு இல்லாத கருவிக்கு அவ்வரியைப் படமாக அனுப்புகையில், 576 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் கொண்ட அதற்கு 1,728 பைட்டு, அதாவது 36 மடங்கு, தேவைப்படுகிறது.

இன்றைய நினைவகங்களுக்கு இது பெருஞ்சுமையன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் முதல் தமிழும் ஆட்சிமொழியாயிருக்கும் இலங்கையில், பெயர்ப்புலத்தைத் தமிழின் பைட்டு அளவுக்கு வகுப்பதே முறையான வடிவமைப்பாகும்.