அச்சமெனத் தோன்றும் நோய்: அதிரீனற் கட்டியின் வரலாறு

வெருகற் பகுதியிலே ஒருவர் திடீரென நெஞ்சு படபடத்து, உடல் வெளிறி, வியர்த்து நடுங்கிச் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு மீண்டாரெனில், “பயந்துபோனார்” என்பர். திருநீறிட்டுத் தண்ணீர் ஓதிக் கொடுப்பர். பெரும்பாலும் அவ்வளவில் விடயம் முடிந்துவிடும். அச்சத்தின் குறிகளும் இவையே ஆதலின் இவ்வழக்கத்தைப் பழித்துரைப்பது என் நோக்கமன்று. ஆயின் மிகச் சிலரிடத்தே இதே குறிகள், சிறுநீரகத்தின் உச்சியில் அமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பியிற் கட்டியொன்று வளர்வதாலும் தோன்றுகின்றன. பத்து இலட்சம் மக்களுள் ஆண்டொன்றுக்கு 2 முதல் 8 பேரிடமே இக்கட்டி கண்டறியப்படுகின்றது. இத்துணை அரிய நோயை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட கதை, கலைப்பீட மாணவனாகிய என்னையும் ஈர்த்தது.

ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தியைப் படபடப்பு, தலையிடி, வாந்தி, குளிர்ந்த வியர்வை, இனம்புரியாத கலக்கம் ஆகியன விட்டுவிட்டு வருத்தின. உயிருடன் இருந்தவரை காரணம் புலப்படவில்லை. இறந்தபின் உடலை அறுத்து ஆராய்ந்தபோதே இரு அதிரீனற் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்தமை தெரிந்தது. 1886இல் பீலிக்ஸ் பிராங்கெல் வெளியிட்ட இவ்வறிக்கையே இந்நோய் பற்றிய முதற் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் காலமாகி அப்போது ஈராண்டே கழிந்திருந்தது. நம் மொழியில் உடற்கூற்று நூல்கள் அச்சேறிவிட்ட காலமது என்பதை இடையே குறிப்பது தவறாகாது.

பிராங்கெலைக் குறைகூற இயலாது. அதிரீனற் சுரப்பியின் சாறு குருதியமுக்கத்தை ஏற்றவல்லது என ஒலிவரும் ஷேபரும் இலண்டனிற் காட்டியது 1890களின் நடுப்பகுதியிலேயே. ஊரார் ‘பிறசர்’ எனக் கூறும் அவ்வமுக்கத்தைப் புயத்திற் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியரான றிவா றொச்சி 1896இலேயே அறிமுகஞ் செய்தார். அளக்க இயலாத ஒன்றை எங்ஙனம் ஐயுறுவது?

குரோம உப்புப் பட்டதும் கட்டியின் கலங்கள் கருங்கபில நிறமடைதல் பற்றி, 1912இல் லுட்விக் பிக் இதற்குப் பீயோகுரோமோசைற்றோமா எனப் பெயரிட்டார். பெயர் வந்ததேயன்றி நோயாளர்க்குப் பயன் வரவில்லை. 1926இல் சுவிற்சர்லாந்தில் றூ என்பாரும் அமெரிக்காவில் சாள்ஸ் மேயோவும் தனித்தனியே இக்கட்டியை வெற்றியுடன் அகற்றினர். அகற்றப்போவது இன்ன கட்டி என்பதை இருவருமே முன்னர் அறிந்திலர். கத்தி அறிவுக்கு முந்திச் சென்ற விந்தை இது! நோயை முன்கூட்டியே சரியாக நிதானித்து, பின்னர் சத்திரசிகிச்சைக்கு அனுப்பியவர் போல்ற்றிமோர் நகர மருத்துவரான பின்கொவ்ஸ், ஆண்டு 1929.

எனினும் மேசையிலேயே இறந்தோர் பலர். கட்டியைத் தொட்டதும் அதிரீனலினும் அதன் இனச் சுரப்புகளும் வெள்ளமெனக் குருதியிற் பாய்ந்து அமுக்கத்தை உச்சிக்கு ஏற்றும். கட்டியின் குருதிக்குழாய்களைக் கட்டியவுடன் அமுக்கம் அதளபாதாளத்துக்கு இறங்கும். இதனை வென்றது கத்தியன்று, பொறுமையே எனலாம். அல்பாத் தடுப்பு மருந்தை ஓரிரு வாரங்கள் கொடுத்து, உப்பும் நீரும் ஊட்டி, குருதிக்குழாய்களைத் தளரச் செய்த பின்னரே இன்று சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீற்றாத் தடுப்பு மருந்து தேவைப்படின் அதற்குப் பின்னரே கொடுக்கப்படும். வரிசை மாறின் அமுக்கம் மேலும் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். 1992 முதல் சிறு துளைகளின் வழியே குழாய்க்கருவி செலுத்தியும் சுரப்பியை அகற்றுகின்றனர்.

நோயை உறுதிசெய்யக் குருதியிலோ, ஒருநாள் முழுதும் சேர்த்த சிறுநீரிலோ அச்சுரப்புகளின் சிதைவுப்பொருள்களை அளப்பர். கட்டியின் இடத்தைப் படக்கருவி காட்டும். இவற்றுக்கு வெருகல் மக்கள் வாகரை வழியே மட்டக்களப்புக்கோ, மூதூர் வழியே திருகோணமலைக்கோ செல்லவேண்டும். முன்னர் ஆற்றைக் கடக்கப் ‘பாதை’யிற் காத்திருந்த காலமும் உண்டு. ஆனால் முதல் ஐயம் எழுவதற்கு, படபடப்பு வந்த வேளையிலேயே பிறசரை அளந்து பார்க்கும் ஒரு கருவி போதும்.

பிறைபேர்க் பெண்ணின் கதை 1886இல் முடிந்துவிடவில்லை. அவளுடைய குடும்ப வழியினரைத் தேடிக் கண்டு பரிசோதித்த ஆய்வாளர், அதிரீனலிலும் தைரொயிட்டிலும் கட்டிகளை உண்டாக்கவல்ல மரபணுப் பிறழ்வு அவர்களுட் சிலரிடம் இருப்பதை 2007இல் வெளியிட்டனர். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இவ்வாறு வந்ததுண்டா என்பது ஆதலின் இன்று மருத்துவர் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்று. எங்கள் ஊரில் தண்ணீர் ஓதும் பெரியவரும் அதனையே கேட்பார். அவர் தேடும் காரணம் மட்டும் வேறு.