கிழவியாக வரம் கேட்டவள்

நரைத்தால் டை, சுருக்கம் விழுந்தால் கிரீம் என்று எல்லோரும் ஓடுகிறோம். ஆனால் நம் ஊர்க் கதையிலோ ஒரு இளம்பெண் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்குகிறாள். கல்யாணத்திலிருந்து தப்பிக்கத்தான்! அவள்தான் ஔவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சங்க கால ஔவை கிழவியே இல்லை. புறநானூறு 89-ஆம் பாடலில் பகை மன்னன் அவரை மை தீட்டிய கண்களும் ஒளி வீசும் நெற்றியும் கொண்ட விறலி என்கிறான். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தைய வேறொரு ஔவை. மக்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே பாட்டியாக்கி விட்டார்கள். தனியாக ஊர் ஊராகச் சுற்றி, அரசனுக்கே புத்தி சொல்லும் பெண்ணை இளமையோடு கற்பனை செய்ய முடியவில்லை போலும்.

1933-இல் கணவர் கிட்டப்பா இறந்தபோது கே.பி.சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைப் புடவை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்க மறுத்தார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே போட்டார். 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. கதாநாயகியே கிழவி, டூயட் கிடையாது. படம் பிரமாதமாக ஓடியது! நாற்பது வயது ஹீரோக்கள் கல்லூரி மாணவராக வலம் வரும் தமிழ் சினிமாவில்தான் இதுவும் நடந்தது.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் ஔவைக்குச் சிலை வைத்தார்கள். கடற்கரைச் சாலை வழியே போகிறவர்கள் பார்க்கலாம். அங்கேயும் அவர் பாட்டிதான்.