இரவில் 4, 5 முறை எழும் முதியவர்கள்: புராஸ்டேட் மட்டும்தான் காரணமா? எப்போ டாக்டரிடம் போகணும்?

60, 70 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளில் ராத்திரி முழுக்க பாத்ரூம் லைட் எரிந்து எரிந்து அணையும். 'வயசானா அப்படித்தான்' என்று அவர்களும் சொல்வார்கள், வீட்டில் உள்ளவர்களும் விட்டுவிடுவார்கள். ஆனால் பல நேரங்களில் இது மாத்திரையிலேயே சரியாகும் பிரச்னை. சில நேரம் மாத்திரை போடும் நேரத்தை மாற்றினாலே குறையும். கண்டுகொள்ளாமல் விட்டால், தூக்கக் கலக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது வரை போகலாம்.

புராஸ்டேட் வீக்கம் என்றால் என்ன?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். இளம் வயதில் சுமார் 20 கிராம் இருக்கும். வயது ஏற ஏற பெரிதாகும். 50களில் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். பெரிதான சுரப்பி குழாயை நெருக்குவதால் சிறுநீர் வர நேரமாகும், மெலிதாக வரும், போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி முட்டும்.

இது கேன்சர் இல்லை, கேன்சராக மாறுவதும் இல்லை. ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதால் டாக்டர்கள் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எழுதுவது உண்டு. சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் பி.எஸ்.ஏ. அளவு ஏறும். அதனால் ரிப்போர்ட்டில் ஒரு நம்பரைப் பார்த்ததுமே பயந்துவிட வேண்டாம்.

எல்லாத்துக்கும் புராஸ்டேட்தான் காரணமா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் ராத்திரி அதிகமாகப் போகும். இதய பலவீனத்தால் பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறும். பலமாகக் குறட்டை விட்டு மூச்சு தடைபடுகிறவர்களுக்கும் இது வரும். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் 'நீர் பிரியும் மாத்திரை'யை சாயங்காலம் போட்டால் சொல்லவே வேண்டாம். அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்க. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டாக்டரிடம் போவதற்கு முன் 3 நாள் ஒரு அளவுக் குவளையில் பிடித்து, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால், வேறு காரணத்தைத் தேட வேண்டும். அதிகம் செலவு வைக்கும் பரிசோதனைகளுக்கு முன்னால் இந்த நோட்டு ரொம்ப உதவும்.

மாத்திரையில் கவனிக்க வேண்டியவை

டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. கண்புரை ஆபரேஷன் இருந்தால் இந்த மாத்திரை போடுவதை கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் கண்ணின் கருவிழித் திரையை இது தளர்த்திவிடும். சுரப்பியையே சுருக்கும் ஃபினாஸ்டரைடு வகை மாத்திரைக்கு 6 மாதம் வரை பொறுக்கணும். அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி, ஜலதோஷ மாத்திரைதான் பலரை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோகிறது. அதில் உள்ள மருந்துகள் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு சிறுநீரை அடியோடு அடைத்துவிடலாம். அடிவயிறு உப்பி, ஒரு சொட்டும் வராமல் துடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுக்க வேண்டும்.

வலியே இல்லாத அடைப்பும் உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதால் வேட்டி எப்போதும் நனைந்தபடி இருக்கும். 'அடக்க முடியல' என்று வீட்டில் டயாப்பர் கட்டிவிடுவார்கள். உள்ளே கிட்னி பாதித்துக்கொண்டிருக்கும். ஒரு ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெண்களுக்கு?

இருமினாலும் தும்மினாலும் கசியும் பிரச்னையை மகளிடம்கூடச் சொல்லாமல் இருக்கும் அம்மாக்கள், பாட்டிகள் அதிகம். கல்யாண வீட்டுக்கும், பஸ் பயணத்துக்கும் வர மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை முறையாகக் கற்று, குறைந்தது 3 மாதம் தினமும் செய்தால் பலருக்குக் குறையும். அவசரமாக முட்டுவதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி, குழப்பம் தரலாம். மாத்திரை ஆரம்பித்த பிறகு பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்க.

தண்ணீரைக் குறைக்கலாமா?

படுப்பதற்கு 2 மணி நேரத்துக்கு முன் காபி, டீ, தண்ணீரைக் குறைத்தால் போதும். பயந்துபோய் நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கலும் தொற்றும்தான் வரும். (இதய, கிட்னி நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.) யூரின் டெஸ்ட்டில் கிருமி இருக்கு என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

சிறுநீரில் ரத்தம் வந்தால் கதையே வேறு. ஒரே ஒரு முறை, வலியே இல்லாமல் வந்து நின்றிருந்தாலும் யூராலஜி டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீர்ப்பை கேன்சரின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.