முளைக்கரு நீங்கிய கோதுமை: தென்காசி வட்டாரத்தின் உணவு வரலாறு

கோதுமை மணியில் ஏறத்தாழ 83 சதவீதம் மாவுப் பகுதி, 14 சதவீதம் தவிடு. எஞ்சிய 2.5 முதல் 3 சதவீதம்தான் முளைக்கரு. மண்ணில் விழுந்தால் செடியாக எழுவது அந்தச் சிறு பகுதியே. மணியின் புரதம், தயமின், வைட்டமின் ஈ, எண்ணெய் ஆகியவை அதில் செறிந்திருக்கும். முளைகட்டிய கோதுமையும் கோதுமைப்புல்லும் வேறு. எடை குறைக்க விரும்புவோர் தயிரிலும் கஞ்சியிலும் தூவிக்கொள்ளும் முளைக்கரு என்பது மில்லில் மணியிலிருந்து பிரித்தெடுத்த துகள். தென்காசி, குற்றாலம் பக்கத்தில் கோதுமைக்குப் பேர் வாங்கித் தந்த பண்டங்களோ இந்தப் பகுதியைக் கழித்துவிட்டுச் செய்யப்பட்டவை.

சிற்றாறு பாயும் இந்த வட்டாரம் நெல் விளையும் பூமி. அவித்துக் காயவைத்த நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து எடுத்த புழுங்கல் அரிசியில் தவிடும் கருவும் ஓரளவு ஒட்டியிருக்கும். ஆலை வந்து பாலிஷ் ஏறியதும் அவை மாட்டுத் தொட்டிக்குப் போயின. தீட்டிய பச்சரிசியையே உண்ட, இன்றைய ஆந்திரத்தின் வட சர்க்கார் கடலோரத்தில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியது. நெல்லை அவிக்கும்போது தயமின் உள்ளே இறங்கிவிடுவதால் புழுங்கல் உண்ட தென் மாவட்டங்கள் பெருமளவு தப்பின. குன்னூரில் இந்த நோயையும் உணவையும் ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன், 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி கொண்ட பஞ்சாப் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. மதராஸ் அரிசி உணவை உண்டவை பின்தங்கின. பஞ்சாப் தட்டில் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் சேர்ந்திருந்ததால் வெற்றி முழுவதையும் கோதுமையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

தென்காசி 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் பெயர் சொல்லும் அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, துணியில் வடித்துப் பால் எடுப்பார்கள். பால் தெளிந்ததும் மேல்நீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்ததைச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவார்கள். தவிடும் முளைக்கருவின் பெரும்பகுதியும் துணியில் சக்கையாக நின்றுவிடும். ஆனால் அல்வா நாள்தோறும் உண்ணும் உணவு அல்ல. கோதுமை சாப்பாட்டுத் தானியமாகச் சாதாரண வீடுகளுக்குள் வந்தது பஞ்ச காலத்தில்தான். 1942இல் பர்மா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷனில் கோதுமையும் வந்தது. 1950களின் நடுவிலிருந்து பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்து இறங்கியது. மணியாக வாங்கி மாவு மில்லில் திரித்தால் கருவும் மாவோடு கலந்துவிடும். எண்ணெய்ப் பசை உள்ள அந்த மாவு சீக்கிரம் காறிப்போகும்.

அந்தக் குறையைப் போக்கியது உருளை ஆலை. 1870களில் ஹங்கேரியில் வளர்ந்த இந்த முறையில் உருளைகளுக்கிடையே மாவுப் பகுதி பொடியும். எண்ணெய்ப் பசையால் முளைக்கரு பொடியாமல் தகடாக நசுங்கும். சலித்தால் தனியே வந்துவிடும். இப்படிக் கிடைக்கும் மைதா மாதக்கணக்கில் தாங்கும், நன்றாக இழுபடவும் செய்யும். குற்றாலத்துக்கு அருகில் பிரானூர் பார்டர் பெயர் பெற்றது இந்த மாவில் செய்த பரோட்டாவால். அதை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். ‘பார்டர்’ என்ற பெயர் அந்தப் பழைய எல்லையின் மிச்சம். சாரல் காலத்தில் அருவியில் குளித்துப் பசியோடு வருபவர்களுக்குச் சிறு பரோட்டாக்களைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் கல்மேசையில் அடித்து வீசும்போது அது கண்ணாடி போல மெலிந்து விரியும். மாவை இழுபடச் செய்யும் பசையத்தின் இழையைத் தவிட்டுத் துகள் அறுக்கும், முளைக்கருவில் உள்ள குளுட்டாதயோன் அதைத் தளர்த்தும். அதனால் முழுக்கோதுமை மாவை அப்படி வீச வராது. பரோட்டாவின் அடுக்கும் முளைக்கருவும் ஒரே மாவில் சேர்ந்து வாழ்வது கடினம்.

ஆலையில் கழித்ததை உலகம் வேறு பெயரில் திரும்ப வாங்கியது. 1936இல் வைட்டமின் ஈ முதன்முதலில் தனித்தெடுக்கப்பட்டது கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்துதான். 1950இல் அமெரிக்காவில் கேலார்ட் ஹவுசர் எழுதிய ‘லுக் யங்கர், லிவ் லாங்கர்’ என்ற நூல் தயிரோடும் ஈஸ்டோடும் முளைக்கருவை அதிசய உணவுகளில் ஒன்றாக வைத்தது. உடல்நலக் கடைகளில் அதைப் பொட்டலமாக விற்கும் வழக்கத்துக்கு இத்தகைய நூல்கள் தூண்டுகோலாயின.

உடற்கொழுப்பைத் தானாகக் கரைக்கும் தனிச்சக்தி எதுவும் முளைக்கருவுக்கு இல்லை. 100 கிராமில் அது தருவது சுமார் 360 கலோரி. மைதாவும் ஏறக்குறைய அவ்வளவே தரும். ஆனால் முளைக்கருவில் 23 கிராம் புரதமும் 13 கிராம் நார்ச்சத்தும் உண்டு; மைதாவில் இவை சுமார் 10 கிராமும் 3 கிராமும். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவில், 55 கலோரிக்கு மூன்று கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். மைதாப் பண்டத்தையோ சர்க்கரையையோ குறைத்து அந்த இடத்தில் உண்டால் பசி தாங்கும், கலோரிக் கணக்கும் ஏறாது. வழக்கமான தட்டுக்கு மேல் தூவிக்கொண்டால் கணக்கு ஏறத்தான் செய்யும். பசையம் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்த பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆலைக்காரர் அதைக் கழித்ததற்குக் காரணமான காறல் வாடை வீட்டு அலமாரியிலும் வரும்.